வளவைத் துப்புரவாக்குமுன்

வேலணையிலிருந்து வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவினுட் பிரவேசித்து, குறிகட்டுவான் இறங்குதுறை வரையிற் செல்லும் பெருந்தெருவின் இரு மருங்கிலும், கூரையிழந்த கல்வீடுகளையும், அவ்வீடுகளைச் சூழ்ந்து மனிதர் கைபடாமல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்து செறிந்திருக்கும் பற்றைகளையும் காணாதார் இலர். 1991ஆம் ஆண்டின் இடப்பெயர்வோடு இத்தீவை விட்டகன்ற குடும்பங்கள் இன்று கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் கொழும்பிலும் வேரூன்றிவிட்டன. எனினும் திருவிழாக் காலத்திலோ, காணி எல்லையை அளப்பித்தற் பொருட்டோ, முதுமையில் ஊரோடு ஒதுங்கி வாழலாம் என்னும் விருப்பினாலோ திரும்பி வருவோர் ஆண்டுதோறும் உளர். அவர்கள் வந்தவுடன் செய்யும் முதற் காரியம் வளவைத் துப்புரவாக்குதலேயாகும். பெக்கோ இயந்திரம் ஒன்று வருவிக்கப்படுகின்றது. இரண்டொரு நாளில் எருக்கலையும் ஆவரசும் காரையும் வடலியும் வேரோடு பெயர்க்கப்பட்டு, ஒரு மூலையிற் குவிக்கப்பட்டு, தீயிடப்படுகின்றன. எஞ்சுவது வெண்மணலும் சுண்ணக்கல்லும் தெரியும் வெறுந்தரை. அத்தரையில் அடுத்த சோழகக் காற்று மேல்மண்ணை அள்ளிச் செல்ல, வெளியூர் நாற்றுமேடையிலிருந்து வாங்கிவந்த பூஞ்செடிகள் ஆடி மாதத்து வெயிலுக்கு ஆற்றாது கருகிப்போக, பொருளும் முயற்சியும் வீணாகின்றன.

இந்த அத்தியாயம் அவ்வாறு வருவோர்க்கும், ஊரிலேயே இருந்து பிறர் காணிகளைப் பராமரிப்போர்க்கும் எழுதப்படுகின்றது. தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் பறவைக்கும் இடமளிக்கும் தோட்டம் ஒன்றைப் புங்குடுதீவில் அமைக்க விரும்புவோர் முதலிற் செடி வாங்க வேண்டியதில்லை. அத்தோட்டத்தின் பெரும்பகுதி, பற்றை என்று நாம் இகழும் அந்தச் செறிவினுள் ஏற்கெனவே உருவாகி நிற்கின்றது. எதனை வைத்திருப்பது, எதனை அகற்றுவது என்று பகுத்தறிதலே முதல் வேலை. நடுதல் அதற்குப் பின்னர் வருவது.

ஆகையினால், இயலுமாயின் ஒரு மாரியும் ஒரு கோடையும் கழியும் வரை வளவிற் கத்தி வைக்காதிருத்தல் உத்தமம். கார்த்திகையிற் கிளம்பும் கொடிகள் சித்திரையில் இருந்த இடம் தெரியாது மறைந்துவிடும்; பங்குனியிற் பூக்கும் மரம் மார்கழியில் வெறும் விறகுபோலத் தோன்றும்; ஒரே பருவத்தில் மாத்திரம் பார்த்து முடிவு செய்பவன் தன் வளவின் பாதியை அறியாதவனாகவே இருப்பான். அத்துணைக் காலம் பொறுத்திருக்க வசதியற்றவர்கள், ஊரிலுள்ள மூத்தவர் ஒருவரை, மரஞ்செடிகளின் பெயரறிந்த ஒருவரை, அழைத்துக்கொண்டு வளவைச் சுற்றிவந்து, வைத்திருக்க வேண்டிய ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணிக் கீற்றொன்றைக் கட்டிவிடுதல் வேண்டும். வெட்டுவோர்க்கு வாய்மொழியாகச் சொல்லிவிட்டு அகலுதல் போதாது. துணி கட்டாத மரம் பிழைப்பதில்லை. நடைபாதைக்கும் கிணற்றடிக்கும் வீட்டைச் சுற்றிய முற்றத்துக்கும் வேண்டிய இடத்தைக் கையாலேயே வெட்டித் திறந்துகொள்ளலாம். பாம்புக்கு அஞ்சுவோர் வீட்டைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருப்பாராயின் பெரும்பாலும் அதுவே போதுமானது.

அகற்ற வேண்டியனவும் உண்டு. நாயுண்ணியின் பூவில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்ப்பதைக் கண்டு மயங்கி அதனை வளர விடுவோர் உளர். அது பிற செடிகளை நெருக்கி அழித்துத் தானொன்றே எஞ்சும் சுபாவமுடையதாகையால் அதனைக் களைதலே தகும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன்னர்க் கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். அதன் பூந்தூள் தோலுக்கும் சுவாசத்துக்கும் தீங்கானது. இபில் இபில் மரக்கன்றுகளையும் சிறிதாயிருக்கும்போதே அகற்றிவிடலாம். ஆனால் ஒரு செடி எங்கிருந்து வந்தது என்னும் ஆராய்ச்சியில் அளவு கடந்த கடுமை காட்டுதல் எனக்கு உடன்பாடன்று. நெடுந்தீவிற் புகழ்பெற்று நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்காவிலிருந்து வந்தது. முருங்கையின் பூர்வீகம் இமயத்தின் அடிவாரம். நூற்றாண்டுகளாக இம்மண்ணின் ஜீவராசிகளோடு பழகிப் பயன் தந்து, பிறவற்றை அழிக்காது நிற்கும் மரத்தை அந்நியமென்று வெட்டுதல் நியாயமாகாது.

நீரைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். இத்தீவின் அடியிலுள்ளது துளைகள் நிறைந்த சுண்ணக்கல். மாரியிற் பெய்யும் மழை அக்கல்லினூடே இறங்கி, கடலிலிருந்து உட்புகுந்திருக்கும் உவர்நீரின் மீது, அதனிலும் அடர்த்தி குறைந்ததாகையால், மிதந்து நிற்கின்றது. கைபென், ஹேர்ஸ்பேர்க் என்னும் இரு ஐரோப்பியப் பொறியியலாளர் தனித்தனியே கண்டறிந்த நியதியின்படி, இத்தகைய நிலத்திற் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரம் நன்னீர் நிற்குமாயின், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருத்தல் கூடும். அதன் மறுபக்கமாக, மேலே ஓரடி நீரை இறைத்துத் தாழ்த்தினால் கீழிருந்து உவர் 40 அடி மேலெழும். எந்திரம் வைத்து இறைத்த கிணறுகள் சில ஆண்டுகளில் உவர்த்துப் போவதன் காரணம் இதுவே. நன்னீர் இங்கு எத்துணை அருமையானது என்பதற்குச் சான்று வேண்டுமாயின், நன்னீர்க் கிணற்றில் எல்லாச் சாதியினரும் நீரள்ளும் உரிமை பெற வேண்டுமென்று 1971இல் இத்தீவிலே சத்தியாக்கிரகம் நிகழ்ந்ததையும், அதில் முன்னின்ற எழுத்தாளர் மு. தளையசிங்கம் அதன் பொருட்டு அடியும் சிறையும் ஏற்றதையும் நினைவுகூர்தல் போதும். அத்தகைய நீரை அலங்காரச் செடிகளுக்கு வார்த்தல் அயலவரின் குடத்திலிருந்து எடுப்பதற்கு ஒப்பாகும். எனவே, நட்ட இரண்டாம் கோடைக்குப் பின்னர்க் கிணற்று நீரை நாடாத தாவரங்களையே தெரிவு செய்க. முதலிரண்டு கோடைகளில் மாத்திரம் குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் மரத்தடிக்கு விடுக. ஈரம் ஆவியாகிப் போகாதபடி அடியில் காவோலையை நறுக்கிப் பரப்பலாம். கரையொதுங்கும் சாதாளையைத் தீவகத்து விவசாயிகள் நெடுங்காலமாக உரமாகக் கொண்டுள்ளனர். அதனையும் ஒரு மாரி முழுவதும் வெளியில் குவித்து, மழையில் உப்புக் கழுவப்பட்ட பின்னர், மூடாக்காக இடலாம்.

இனி வேலி. எனது எண்ணத்தில் ஒரு யாழ்ப்பாணத்து வளவின் உயிர்ச்செல்வம் அதன் நடுவிலன்று, வேலியிலேதான் இருக்கின்றது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை வரிசையாக நாட்டி, இடையே பனையோலையோ கிடுகோ வைத்து வரிந்து கட்டிய பழைய வேலி, வெறும் எல்லைக் குறியாக மாத்திரம் அமைந்ததன்று. ஆட்டுக்கு உணவும், வயலுக்குக் குழையும், வீட்டுக்குக் கீரையும், குருவிக்குக் கூடும் அதுவே அளித்தது. இன்று வெளிநாட்டுப் பணத்தால் எழும்பும் சீமெந்து மதில்கள் இவையனைத்தையும் ஒரே நாளில் இல்லாமற் செய்கின்றன. மதில் கட்டியே ஆகவேண்டும் என்போர் தெருப்பக்கம் மாத்திரம் அதனைக் கட்டி, ஏனைய மூன்று பக்கங்களையும் உயிர்வேலியாகவே விடுவாராக.

கதியால் நாட்டுவதற்கு உகந்த காலம் புரட்டாதி கடைசியும் ஐப்பசித் தொடக்கமுமாகும். ஓராள் உயரமும் மணிக்கட்டுப் பருமனுமுள்ள முற்றிய தடிகளைத் தெரிந்து வெட்டி, மேல்முனை நீர் தேங்காதவாறு சரிவாய் இருக்கச் செய்து, கிளுவையாயின் சில நாள் நிழலிற் சார்த்திவைத்து வெட்டுவாய் உலர்ந்த பின்னர், ஒன்றரை அடி ஆழத்திற் புதைத்து மண்ணை நன்றாக இடித்து இறுக்க வேண்டும். கல்லுத் தட்டும் இடத்தில் அலவாங்கினால் துளையிட்டுக்கொள்க. பூவரசு உவர்க்காற்றையும் தாங்கும். மஞ்சளாய் விரிந்து மாலையிற் சிவந்து வாடும் அதன் பூக்கள் ஆண்டின் பெரும்பகுதியிலும் இருப்பன. முள்முருக்கு இலையுதிர்த்துச் செம்பூக்களால் மூடப்படும் மாசி பங்குனியில் தேன்சிட்டும் மைனாவும் காகமும் அதனை விட்டகலா. அதன் இலைகள் கழலை கழலையாகத் தடித்துச் சுருளக் கண்டால், அது நுண்ணிய குளவியொன்றின் வேலையாதலால், அக்கிளையை வெட்டி உடனே எரித்துவிட வேண்டும்.

கதியால்கள் தளிர்த்த பின்னர், அவற்றின் மீது கொடிகளை ஏறவிடுக: முசுட்டை, குறிஞ்சா, முடக்கொத்தான், தூதுவளை, கொவ்வை, பிரண்டை. இவற்றுட் பலவற்றை வறைக்கும் இரசத்துக்கும் பயன்படுத்துவது நம் அன்னையர் அறிந்ததே. கொவ்வைப் பழத்துக்குக் கொண்டைக்குருவியும் குயிலும் வரும். இசங்கு என்னும் முட்செடி வேலியோரத்தில் தானே முளைத்திருக்குமாயின் அதனைப் பெரும் பேறாகக் கருதுக. இலங்கையின் ஈரவலயத்திற் காணக் கிடையாத, வறண்ட கரையோரத்துக்கே உரிய, இளஞ்சிவப்புச் சிறகுடைய சிறு வண்ணத்துப்பூச்சியொன்று அதன் இலையில் முட்டையிடும். அச்செடி அருகினால் அப்பூச்சியும் அருகும்.

இந்த இடத்தில், பெரிதும் வெறுக்கப்படும் ஒரு பூச்சியைப் பற்றி ஆதரவாகப் பேச விரும்புகின்றேன். வளையிலும் கைமரத்திலும் விரல் நுழையும் அளவு துளையிட்டு, இரைந்து பறக்கும் கருவண்டைக் கண்டாலே அடித்துவிடுவது நம்மவர் வழக்கம். அது வண்டினத்தைச் சேர்ந்ததன்று. தனித்து வாழும் தேனீ. அதன் ஆணுக்குக் கொடுக்கே இல்லை. பெண்ணும் கையாற் பிடித்தாலன்றிக் கொட்டுவதில்லை. இனி, கத்தரிப் பூவை எடுத்து நோக்குக. அதன் மகரந்தப் பைகள் ஏனைய பூக்களில்போல் நெடுக வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் ஊசித்துளை அளவான வாயில் மாத்திரமே உண்டு. பெட்டியில் வளர்க்கப்படும் தேனீ அப்பூவில் அமர்ந்தும் மகரந்தத்தை உதிர்க்க வல்லதன்று. கருவண்டோ, நீலப்பட்டைத் தேனீயோ அப்பூவைப் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமலே மார்புத் தசையை அதிர்விக்க, அந்த அதிர்வினால் மகரந்தம் நுனித்துளை வழியே பொழிகின்றது. தக்காளிக்கும் தூதுவளைக்கும் ஆவரசுக்கும் இதே விதிதான். கத்தரியும் தக்காளியும் தன்மகரந்தத்தாலும் காய்க்குமெனினும், இத்தேனீக்கள் வந்த தோட்டத்திற் காய் மிகுதியும் திரட்சியும் உண்டாகும்.

ஆயினும் கத்தரியும் ஆவரசும் மகரந்தத்தை மாத்திரம் அளிப்பன. அவற்றிற் தேன் இல்லை. கருவண்டு தன் குஞ்சுக்கு மகரந்தத்தையும் தேனையும் பிசைந்த உருண்டையை அறைதோறும் வைத்து அதன்மேல் முட்டையிடுவதாதலால், தேனுக்கு அது வேறு பூவை நாடியே தீரும். அந்தத் தேனை, ஆண்டு முழுவதும், ஒரு சொட்டு நீரும் வார்க்காமல், யாருமற்ற வளவிலும் அளிப்பது எருக்கலை; முருங்கைப் பூ பருவத்தில் அதற்குத் துணை. சோழகமும் வாடையும் மாறிமாறி வீசினாலும் தளராத அந்த எருக்கலையைத்தான் பெக்கோ முதலிற் பெயர்க்கின்றது. அடுத்த தோட்டத்துக்காரன் கத்தரி காய்க்கவில்லையென்று மருந்தடிக்கின்றான்; மருந்து எஞ்சிய கருவண்டையும் கொல்கின்றது. ஆகவே வளவின் பின்மூலையில் நாலைந்து எருக்கலையையும், வேலியோரத்தில் ஆவரசையும் விட்டுவைத்து, அவற்றுக்கு அண்மையில் பட்டுப்போன பூவரசு அல்லது முருங்கைத் துண்டொன்றை, மழை படாதவாறு, தரைக்கு மேலே கட்டித் தொங்கவிடுக. கூடமைக்க அவ்வாறான மரமிருப்பின் கருவண்டு வீட்டு வளையை நாடுவது குறையும்.

எருக்கலையின் பால் நஞ்சென்பதை அறிவோம். அந்நஞ்சையே உண்டு வளர்ந்து, அதனைத் தன் உடலிற் சேமித்து, குருவிகள் தீண்டாத காவலாக்கிக்கொள்ளும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு, கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமான வளையங்களோடு அதன் இலையிற் காணப்படும். கொன்றையிலும் ஆவரசிலும் தகரையிலும் வெளிர்மஞ்சட் பூச்சிகளின் பச்சைப் புழுக்கள் வளரும். எலுமிச்சை, கறிவேப்பிலை, விளாத்தி ஆகியவற்றின் தளிரில், முதலில் பறவை எச்சம்போலவும் பின்னர்ப் பச்சையாகவும் தோன்றும் புழுவைக் கண்டு நசுக்குவோர், அதுவே கறுப்பும் மஞ்சளுமாய்ச் சிறகடிக்கும் அழகிய பூச்சியாகும் என்பதை அறிவதில்லை. வளர்ந்த விளாத்திக்கு அதனால் யாதொரு குறையும் நேராது. கன்றாயின் புழுவை மெதுவாக எடுத்துப் பெரிய மரத்தில் விட்டுவிடலாம். பூவை மாத்திரம் வைத்து இலையை மறுக்கும் தோட்டத்துக்கு வண்ணத்துப்பூச்சி விருந்தாளியாக வருமேயன்றிக் குடியிருக்காது.

பனையைப் பற்றித் தீவகத்தாருக்குச் சொல்ல வேண்டியது குறைவு. 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றிய காலந்தொட்டு அதன் பிரயோசனங்கள் பலவாறாக எழுதப்பட்டுள்ளன. ஆனால் காவோலையைக் குறித்து ஒன்று சொல்வேன். தொங்கும் காவோலையின் உட்புறத்திலே பனை உழவாரக்குருவி தன் எச்சிலால் இறகுகளை ஒட்டிச் சிறு கூடமைக்கின்றது; சிறிய வௌவால்கள் பகலில் அங்கே உறங்கி, இரவில் நுளம்பையும் பூச்சியையும் வேட்டையாடுகின்றன. ஆகையால் எல்லாப் பனையிலும் ஒரே காலத்தில் ஓலை வெட்டாது, சிலவற்றை முறைவைத்து விட்டுவிடுதல் நலம். போரிலே தலையிழந்து நிற்கும் மொட்டைப் பனைகளும் அவ்வாறே. அவற்றின் பொந்துகளிற் கிளியும் மைனாவும் ஆந்தையும் குடியிருக்கின்றன. வீட்டின் மீதும் வழியின் மீதும் விழாத தூரத்தில் நிற்பவற்றைத் தறிக்க வேண்டியதில்லை.

கரையோரக் காணி உடையவர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். உமரி படர்ந்த உவர்த்தரையையும் கண்ணா நிற்கும் சேற்றையும் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்காதீர். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை வடதிசையிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளும் கரையோரப் பறவைகளும் இரைதேடும் பந்தி அது. சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாக்கப்பட்டு 2015இல் தேசிய பூங்காவாயிற்று. நெடுந்தீவிலும் அதே ஆண்டில் ஒரு பகுதி அவ்வாறு பிரகடனம் செய்யப்பட்டது. புங்குடுதீவின் நிலமோ பெரும்பாலும் உறுதிக்காணி. காவலர் எவரும் இங்கு வரப்போவதில்லை. உறுதியில் பெயருள்ளவரின் தீர்மானமே இங்குச் சட்டம். மேட்டுப்புறத்தில் தாழையும், மணற்றரையில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் தாமே மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

பற்றையைப் பகுத்து முடித்த பின்னரும் வெற்றிடங்கள் இருப்பின், அவற்றில் மரம் நடுக. வேம்பு, புங்கு, விளாத்தி, கொன்றை, இலுப்பை, நாவல் ஆகியவற்றுள் முதல் நான்கும் தீவின் உவர்க்காற்றுக்கு ஓரளவு ஈடுகொடுப்பன. இலுப்பையையும் நாவலையும் நன்னீர்க் கேணிக்கு அண்மையிலன்றி நடுதல் வீண். வேப்பம் பழத்தை ஆனி ஆடியிற் பொறுக்கி, சதையைக் கழுவி, இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும்; தாமதித்தால் முளைக்கும் ஆற்றல் போய்விடும். புங்கையின் விதையும் புதிதாயிருத்தல் வேண்டும். கொன்றையின் விதை இதற்கு மாறானது: அதன் தோல் கல்லாயிருப்பதால் ஒரு பக்கத்தைத் தரையில் உரைஞ்சி, ஓரிரவு நீரில் ஊறவிட்டு நடுக. பனங்கொட்டைக்குப் பை வேண்டாம். அது முதலில் ஆழத்தை நோக்கியே வேர்விடுவதால், நிற்க வேண்டிய இடத்திலேயே புதைத்துவிடுக. ஏனைய கன்றுகளை முதல் மழை நிலத்தை நனைத்தவுடன், இரண்டடி ஆழமான குழியில், கல்லை உடைத்தெடுத்து, பழைய மாட்டெருவும் குழையும் கலந்த மண்ணிட்டு நடுதல் வேண்டும். கார்த்திகை பிந்தினால் வேர் ஆழம் செல்லுமுன் மழை ஓய்ந்துவிடும்.

நட்ட கன்றுக்குச் சோழகத்தைவிடப் பெரிய பகை கட்டாக்காலி மாடு. வேலி அடைபடாத வளவில் ஒரு கன்றும் தப்பாது. ஆகவே நடுகின்ற அன்றே ஒவ்வொரு கன்றையும் சுற்றி, மாட்டின் தலை எட்டாத அகலத்தில், பற்றையிலிருந்து வெட்டிய முள் அலம்பலை வட்டமாக நாட்டி, பனைநாரினால் இரண்டு வரி இறுக்கிக் கட்டிவிடுக. மூன்றாம் ஆண்டில் மரம் மாட்டின் வாய்க்கு மேலே எழும். அதன்பின் அலம்பலை அகற்றலாம்.